மழை பிடித்துவிட்டது, கிராவல் பைக்கை எந்தப் பக்கம் விடுவது? (லண்டனுக்குத் தெற்கே)

பின்சக்கரம் | ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் ஒரு கிராவல் பைக் வாங்கினேன், தார்ச்சாலையிலும் மண்தடத்திலும் ஓட்டுகிற சைக்கிள். 40 மி.மீ. டயர், முன்னால் ஒரே ஒரு செயின்ரிங். செப்டம்பர் முழுக்க சர்ரே குன்றுகளில் எங்கே விட்டாலும் ஓடியது. தரை காய்ந்து கிடந்தது. எனக்கு ஓட்ட வந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை டார்க்கிங்கில் இறங்கி, ரூட் ஆப் போட்டுத் தந்த கோட்டை நம்பி ரான்மோர் பக்கம் ஏறினேன். காட்டுக்குள் பத்து நிமிஷம் போயிருப்பேன். எதிரே ஒரு பெரியவர், இரண்டு நாய். "இது ஃபுட்பாத், தெரியும்தானே?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு தன்மையாகச் சொன்னார். நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையாம், இறங்கித் தள்ளினேன். அப்புறம் சைக்கிள் போகலாம் என்று அம்புக்குறி போட்ட பாதை வந்தது. வெள்ளைத் தரை, இறக்கம், ராத்திரி பெய்த மழை. பிரேக்கைத் தொட்டதுதான் தெரியும். பைக் வேலியோரம், நான் பாதை நடுவில். முழங்கைத் தோல் போச்சு. எழுந்து நிற்பதற்குள் இன்னும் இரண்டு தடவை வழுக்கியது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை நீங்கள் எல்லாம் எங்கே ஓட்டுகிறீர்கள்? ரயிலில் போய் வருகிற தூரமாக இருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் போதும், ஏற்றம் வேண்டும், காடு இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், எந்தப் பாதையில் போகலாம், எதில் கூடாது என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?

குன்றேறி | ஞாயிறு, இரவு 10:25

முதலில் முழங்கைக்கு டெட்டால் போடுங்கள். மண் உள்ளே இருந்தால் இரண்டு நாளில் சீழ் பிடிக்கும்.

உங்களைத் தள்ளிவிட்டது சுண்ணாம்பு. ரான்மோர், பாக்ஸ் ஹில் என்று அந்த வரிசை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. காய்ந்திருந்தால் சிமென்ட் தரை. நனைந்தால் மேலே நகக்கனத்துக்கு ஒரு பசை படியும், சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறை மாதிரி. டயரில் எவ்வளவு பெரிய பட்டன் இருந்தாலும் கடித்துப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. போதாததற்கு, மேட்டின் உச்சியில் சுண்ணாம்புக்கு மேல் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த ஒரு படிவு உண்டு. அங்கே வழுக்காது, ஒட்டும்.

அதே டார்க்கிங்கிலிருந்து தெற்கே ஆறேழு கிலோமீட்டர் போங்கள். லீத் ஹில், ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில், மூன்றும் வேறு மண். கிரீன்சாண்ட் என்கிற மணற்கல். பேரில்தான் பச்சை, கண்ணுக்கு ஆரஞ்சும் பழுப்புமாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். ஜனவரியிலும் நான் அங்கே ஓட்டுகிறேன்.

லீத் ஹில்லைத் தாண்டித் தெற்கே இறங்கினால் வீல்ட் (Weald) என்கிற தாழ்நிலம், களிமண். அங்கே குளிர்காலத்தில் போகவே போகாதீர்கள். ஒரு வருஷம் ஜனவரியில் "குறுக்கே போய்விடலாம்" என்று ஒரு பாதையில் நுழைந்தேன். நூறு மீட்டரில் சக்கரம் சுற்றுவது நின்றுவிட்டது. டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மண் அடைத்து, அதில் இலை சேர்ந்து, வைக்கோல் போட்டுக் குழைத்த சுவர் மண் மாதிரி இறுகிவிட்டது. குச்சியால் நோண்டி எடுப்பேன், பத்து அடி போவேன், மறுபடி அடைக்கும். பொறுமை போய்ப் பெடலை மிதித்தேன். கியர் மாற்றும் டீரெய்லரைப் பிடித்திருக்கும் ஹேங்கர் உடைந்து, டீரெய்லர் போய் ஸ்போக்கில் மாட்டியது. மீதி ஆறு கிலோமீட்டர் பைக்கைத் தோளில் சுமந்து ஸ்டேஷன் சேர்ந்தேன்.

ஆக, வடக்கே சுண்ணாம்பு, நடுவில் மணல், தெற்கே களிமண். கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடாக இருந்த அடுக்குகளின் தலை தேய்ந்துபோனதால் விளிம்புகள் வரிவரியாக வெளியே தெரிகின்றன. இரண்டு மணி நேரம் தெற்கே ஓட்டினால் மூன்றையும் கடந்துவிடலாம்.

மண்ணைக் குனிந்து பார்க்கக்கூட வேண்டாம், மரத்தைப் பாருங்கள். பைன், ஹெதர் புதர், இடுப்புயரப் பெரணி தெரிந்தால் மணல், தைரியமாகப் போகலாம். யூ மரமும் பாக்ஸ் மரமும் இருந்தால் சுண்ணாம்பு. பாக்ஸ் ஹில்லுக்கு அந்தப் பேரே அந்த மரத்தால் வந்ததுதான். ஓக் மரமும், டிராக்டர் தடத்தில் தேங்கிய தண்ணீரும் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கோதை | ஞாயிறு, இரவு 10:51

குறிஞ்சி, முல்லை என்று பூவை வைத்து நிலத்துக்குப் பேர் சொன்னவர்கள் நாம். நமக்கே மரத்தைப் பார்த்து மண்ணைப் படிக்கப் பாடம் எடுக்கிறாரே! (கேலிதான். நல்ல பதிவு, எடுத்து வைத்துக்கொண்டேன்.)

வரைபடப்பித்தன் | திங்கள், காலை 7:12

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தரையில் வழி இருக்கிறதா என்பது ரூட் ஆப்புக்குத் தெரியும். அந்த வழியில் சைக்கிளுக்கு உரிமை உண்டா என்பது பல நேரம் தெரியாது. இங்கே நான்கு வகைப் பாதைகள் உள்ளன. மரக்கம்பத்தில் இருக்கும் அம்புக்குறியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை, அதில் நாமும் போகலாம். கத்திரிப்பூ நிறமும் சிவப்பும் பைவே வகைகள், அவற்றிலும் தாராளமாகப் போகலாம்.

குதிரைப் பாதையில் நமக்கு இடம் கொடுத்தது 1968 ஆம் ஆண்டின் கண்ட்ரிசைட் சட்டம். அதிலேயே ஒரு நிபந்தனையும் உண்டு: நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மணியை அடித்துக்கொண்டு பறக்கிறார்கள். ஃபுட்பாத்தில் ஓட்டினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. அது நில உரிமையாளருக்கும் உங்களுக்கும் இடையிலான சிவில் விவகாரம். ஆனாலும் ஓட்டாதீர்கள். ஒருவர் ஓட்டிவிட்டுப் போவார், அடுத்து வருகிற பத்துப் பேர் பேச்சு வாங்குவார்கள்.

வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமானால் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடம். பச்சையில் குட்டிக் கோடுகள் ஃபுட்பாத், நீளக் கோடுகள் பிரைடில்வே. ஒரு எச்சரிக்கை: கறுப்புக் கோடுகளால் வரைந்த பாதையைக் கண்டு ஏமாறாதீர்கள். தரையில் அப்படி ஒரு தடம் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஸ்காட்லாந்து என்றால் இந்தத் தலைவலியே கிடையாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுங்காக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளுடன் போகலாம்.

தேத்தண்ணி | திங்கள், மதியம் 1:05

தம்பி, விழுந்தது விழுந்தாச்சு, இனிச் சுண்ணாம்பை வெறுக்காதேங்கோ. ஆனா அதை வெயில் காலத்துக்கு வையுங்கோ.

நான் போன ஜூனில சவுத் டவுன்ஸ் வே முழுக்க ஓடினனான். வின்செஸ்ரரில இருந்து ஈஸ்ற்போர்ன் மட்டும் 160 கிலோமீற்றர், மூண்டு நாள். தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் சைக்கிள் விடலாம், அதுதான் அந்தப் பாதையின்ர பெரிய வசதி. ஏத்தம் எல்லாம் கூட்டினா 4000 மீற்றரை ஒட்டி வரும். ஒரு பெரிய மலை எண்டு இல்லை. ஆறு வெட்டின பள்ளத்துக்க இறங்கி இறங்கித் திரும்ப ஏறுறதுதான் ஆளைக் கொல்லும். ஆனா மேல ஏறினாப் பிறகு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயலும் காடும், நடுவில ஆட்டுக்கூட்டம். சொல்லி விளங்காது.

எனக்குக் கரைச்சல் தந்தது சிக்கிமுக்கிக் கல்லுத்தான். ரெண்டாம் நாள் டிச்லிங் பீக்கனுக்குக் கிட்ட, பின் ரயரில "சுர்ர்" எண்டு சத்தம். பாத்தா, ஓட்டை அடைக்க ரியூப்லெஸ் ரயருக்க விட்ட பால் என்ர கால் முழுக்கத் தெறிச்சிருக்கு. கல்லு பிளேட் மாதிரி அரை அங்குலத்துக்கு வெட்டிப்போட்டுது. அந்த ஒட்டுத் திரி இருக்கெல்லோ, ஒண்டு வைச்சன், காத்து நிக்கேல்லை. ரெண்டையும் சேத்துக் குத்தினாப் பிறகுதான் நிண்டுது. ஈஸ்ற்போர்ன் மட்டும் அதோடயே போய்ச் சேந்தனான். அந்தத் திரி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

தண்டவாளம் | திங்கள், மாலை 6:30

இந்தத் தளத்தில் இங்கிலாந்து என்றால் சர்ரே, சசெக்ஸ் இரண்டுதான் போலிருக்கிறது. லண்டன்காரர்கள் ஒருநாள் வடக்கே வாருங்கள்.

பீக் டிஸ்ட்ரிக்டில் பழைய ரயில் பாதைகள் பல இப்போது சைக்கிள் பாதைகள். மான்சால் டிரெயில் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். 1968 இல் ரயில் நின்றது, 2011 இல் சுரங்கங்களைத் திறந்துவிட்டார்கள். ஹெட்ஸ்டோன் சுரங்கத்தின் குளிர்ந்த இருட்டிலிருந்து வெளியே வந்த கையோடு பாலத்தின் மேல் நிற்பீர்கள், கீழே வை ஆறு. அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் விட்டதை எதிர்த்து அந்தக் காலத்து எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்துக் கொதித்து எழுதினார். இன்று அதே பாலத்தில் நின்று எல்லாரும் செல்ஃபி எடுக்கிறார்கள். இறுகிய பொடிக்கல் தரை, எந்த மழையிலும் ஓட்டலாம். சுரங்க விளக்குகள் பகலில் மட்டும்தான் எரியும், அதனால் மாலை நேரத்துக்கு நம் கையில் ஒரு விளக்கு வேண்டும்.

குன்றேறி | திங்கள், இரவு 8:02

அருமையான பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது ஏற்றமும் காடும். ரயில் போன பாதையில் ஏற்றம் எங்கே இருக்கும்?

தண்டவாளம் | திங்கள், இரவு 8:20

ஹை பீக் டிரெயிலில் மிடில்டன் சரிவை ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். எட்டேகால் அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1831 இல் திறந்த குரோம்ஃபோர்ட் அண்ட் ஹை பீக் ரயில்வேயில் அந்த இடத்தில் குதிரைகள் இழுக்க முடியாமல், மேலே ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தி வைத்து வண்டிகளைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். அந்த எஞ்சின் வீடு இன்னும் உச்சியில் இருக்கிறது. நான் போன மாதம் அதன் வாசலில்தான் குனிந்து நின்று மூச்சு வாங்கினேன்.

குன்றேறி | திங்கள், இரவு 8:24

சரி, வாபஸ்.

கோதை | செவ்வாய், காலை 6:48

நான் லண்டனுக்கு வடமேற்கே சில்ட்டர்ன்ஸ் குன்றுகள் பக்கம் இருக்கிறேன். பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுவேன், அதனால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன்.

இங்கே மண் குன்றேறி சொன்ன இரண்டாவது ரகம், சுண்ணாம்புக்கு மேல் களிமண். நவம்பர் கடைசிக்குப் பிறகு நான் காட்டுக்குள் அதிகம் போவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரத்தை விடமாட்டேன். பீச் மரங்கள் செம்புநிறமாகி, கீழே கணுக்கால் அளவு இலை விழுந்து கிடக்கும். அதில் டயர் போகிற சத்தத்துக்காகவே ஓட்டலாம். ஆபத்தும் அந்த இலைக்கு அடியில்தான். வேர் எங்கே, கல் எங்கே, பள்ளம் எங்கே, ஒன்றும் தெரியாது. ஈர வேரைச் சாய்வாக ஏறினால் முன்சக்கரம் சறுக்கிவிடும். நேராக ஏறுங்கள், வேர் மேல் பிரேக் பிடிக்காதீர்கள். தலைக்கு மேல் பிளவுபட்ட வாலோடு பருந்துகள் வட்டமிடும். 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்ட இனம், இப்போது காக்கை மாதிரி எங்கும் தெரிகிறது.

குதிரை பற்றி ஒரு விஷயம். பின்னால் வரும்போது மணி அடித்தால் சில குதிரைகள் மிரளும். நான் இருபது மீட்டர் தள்ளி இருக்கும்போதே "குட் மார்னிங்" என்று பேச்சுக் கொடுத்துவிடுவேன். மனிதக் குரல் கேட்டால் குதிரை அடங்கும், ஓட்டுகிறவரும் திரும்பிப் பார்த்து ஓரம் கொடுப்பார். மிதிக்காதபோது வரும் ஃப்ரீவீல் கிர்ர்ர் சத்தமே சிலதுக்கு ஆகாது, அதனால் நெருங்கும்போது லேசாக மிதித்துக்கொண்டே போவேன். எதிரே வந்தால் நின்றுவிடுவேன்.

கேட்டைத் திறந்தால் சாத்திவிட்டுப் போங்கள். கோடையில் குதிரைப் பாதைகளின் இருபுறமும் செந்தட்டி மாதிரி நெட்டில் தோள்வரை வளர்ந்து நிற்கும், அரைக்கை ஜெர்சியோடு போய் ராத்திரி முழுக்கச் சொறிந்த அனுபவம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே அதனால் லைம் நோய் வருகிறது.

பின்சக்கரம் | செவ்வாய், இரவு 9:15

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. நன்றி! குன்றேறி அண்ணா, அந்த மணல் பக்கம் ஒரு பாதை சொல்ல முடியுமா? ஆப்பை நம்பி இன்னொரு முறை ஏமாற மனசில்லை.

குன்றேறி | புதன், காலை 7:30

கோம்ஷால் ஸ்டேஷனில் இறங்குங்கள். கில்ஃபோர்டிலோ ரெட்ஹில்லிலோ ரயில் மாற வேண்டும். அந்த லைனில் ரயில் அடிக்கடி கிடையாது, ரயில் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அங்கிருந்து சின்னத் தார்ச்சாலையில் பீஸ்லேக், ஒரு நாலு கிலோமீட்டர். சனிக்கிழமை காலை அந்த ஊரில் மனிதர்களைவிட மவுண்டன் பைக் அதிகமாக இருக்கும். ஊர்க்கடையில் சீஸ் ஸ்ட்ரா (குச்சி மாதிரி ஒரு சீஸ் பலகாரம்) சூடாக வரும்போது வாங்கிவிடுங்கள்.

பீஸ்லேக்கிலிருந்து மேலே ஏறினால் ஹர்ட்வுட் காடு. தனியார் நிலம்தான், ஆனால் பொதுமக்கள் நடமாட 1926 இலேயே உரிமை கொடுத்துவிட்டார்கள். அகலமான மணல் தடங்கள், இரண்டு பக்கமும் பைன். குறுகலாகப் பிரிந்து இறங்கும் ஒற்றையடித் தடங்களில் ஆசைப்பட்டு நுழையாதீர்கள், அவை முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த பைக்குகளுக்கு. வளைந்த ஹேண்டில்பாரோடு அங்கே இறங்குவது வீண் வீரம். நானும் ஒருமுறை காட்டினேன், பல் தப்பியது. ஹோம்பரி ஹில் உச்சி 261 மீட்டர், இரும்புக் காலத்துக் கோட்டை மேடு. அங்கிருந்து தெற்கே பார்த்தால் நான் திட்டிய களிமண் பூமி முழுக்கத் தெரியும். மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஹோம்பரி செயின்ட் மேரி ஊருக்கு இறங்கி, மறுபடி ஏறினால் லீத் ஹில், 294 மீட்டர். கடைசி ஏற்றத்தில் தள்ளினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உச்சியில் ஒரு கோபுரம். 1765 இல் ரிச்சர்ட் ஹல் என்பவர் கட்டியது. குன்று ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று கோபுரம் கட்டி ஆயிரத்தைத் தாண்ட வைத்தார். ஆளைப் புதைத்ததும் அதன் அடியில்தான். அங்கே சின்ன ஜன்னலில் டீயும் கேக்கும் விற்பார்கள்.

பிறகு கோல்ட்ஹார்பர் ஊர், அங்கிருந்து வுல்வன்ஸ் லேன் வழியாக வடக்கே இறக்கம். பழைய பள்ளப்பாதை, இரண்டு பக்கமும் கரை தலைக்கு மேலே. பைவே, அதனால் உரிமைப் பிரச்சினை இல்லை. பாதி வரை மணல், கீழே போகப் போகக் குட்டை. வெஸ்ட்காட் வழியாக டார்க்கிங் ஸ்டேஷன். தூரம் 25 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், கால் 50 என்று சொல்லும்.

டயரில் காற்று 30-35 பிஎஸ்ஐ போதும், நீங்கள் 70 கிலோ இருந்தால்.

தேத்தண்ணி | புதன், மாலை 5:50

ஏத்தமே வேண்டாம் எண்டு ஒரு நாள் வந்தா, கில்ஃபோர்ட்டுக்குக் கிட்ட தொடங்கிற டவுன்ஸ் லிங்க் இருக்கு. அதுவும் பழைய ரயில் பாதை, ஷோரம் கடற்கரை மட்டும் 59 கிலோமீற்றர். பேனார்ட்ஸ் சுரங்கத்தை மூடிப்போட்டினம், அந்த ஒரு இடத்தில மட்டும் மேட்டால ஏறி இறங்கோணும். மற்றபடி கதைச்சுக்கொண்டே போகலாம்.

பின்சக்கரம் | ஞாயிறு, இரவு 8:05 (இரண்டு வாரம் கழித்து)

நேற்றுப் போய்வந்தேன். வெள்ளி ராத்திரி முழுக்க மழை. ரத்து செய்துவிடலாமா என்று காலை ஐந்து மணிக்கு ஜன்னலில் நின்று யோசித்தேன், பரிசோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கிளம்பிவிட்டேன்.

ஹர்ட்வுட் ஏறும்போது கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். தார்ச்சாலை ஓரம் தண்ணீர் ஓடுகிறது, பத்தடி தள்ளிக் காட்டுத்தடம் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான், டயர் பதிகிற இடத்தில் நறநறவென்று சத்தம். ஒரு இடத்தில் நின்று கையால் அள்ளிப் பார்த்தேன், ஈரச் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. பைன் மரங்களைப் பார்த்ததும் நானே "மணல்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நடந்துபோன அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

லீத் ஹில் கடைசி ஏற்றத்தில் தள்ளினேன். கோபுரத்தடியில் டீ, இஞ்சி கேக். மூடுபனியில் கடலும் தெரியவில்லை, களிமண்ணும் தெரியவில்லை. வுல்வன்ஸ் லேனில் இரண்டு குதிரைகள் எதிரே வந்தன. கோதை சொன்னபடி நின்று, கரையோரம் ஒட்டிக்கொண்டு "குட் மார்னிங்" சொன்னேன். அப்போது மணி ஒன்றரை. அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அந்தப் பாதையின் கீழ்ப்பாதியில்தான் வினை. பிரேக் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே வந்தது. வெஸ்ட்காட் பக்கம் வரும்போது ஹேண்டில்பாரைத் தொட்டது, இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வேறு. வீட்டில் கழற்றிப் பார்த்தால் பின் பிரேக் பேடில் தகடு மட்டும்தான் மிச்சம். ஆகஸ்டில் வாங்கிய பைக்! கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

குன்றேறி | ஞாயிறு, இரவு 8:40

கடைக்காரர் பாவம், விட்டுவிடுங்கள். நான் சொல்ல மறந்த விஷயம் அது. மழையில் அந்த மணல் தண்ணீரோடு கலந்து டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். புது பைக்கில் பெரும்பாலும் ரெசின் பேட்தான் வரும், அது ஒரே சவாரியில் கரைந்துவிடும். சின்டர்ட் (உலோகப் பொடியில் செய்த பேட்) வாங்கிப் போடுங்கள். கொஞ்சம் கீச்சிடும், ஆனால் நிற்கும். டிஸ்க்கில் அந்த வகைக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில மலிவு டிஸ்க்குகளில் இருக்கும். பையில் எப்போதும் ஒரு செட் உபரி.

தேத்தண்ணி | ஞாயிறு, இரவு 9:02

அடுத்த சனி நானும் வாறன், தம்பி. பேட் ரெண்டு செற் கொண்டு வாறன். சீஸ் ஸ்ட்ரா உங்கட கணக்கு.